ஆறு துளை, ஒரு நகரம்

தென்னாப்பிரிக்காவின் குவேலா என்ற தெரு இசையை முதல் தடவை கேட்கிறவர்கள் யாரும் அதில் ஒலிப்பது ஒரு சாதாரணத் தகரக் குழல் என்று நம்பமாட்டார்கள். பென்னி விசில். ஆறே ஆறு துளை. 1950-களில் ஜோகனஸ்பர்க் தெருமுனைகளில் கறுப்பினப் பையன்கள் ஊதியது.

வித்தை வாய்வைப்பில் இருக்கிறது. குழலை நேராகப் பிடிக்காமல் ஒரு பக்கமாகச் சாய்த்து, வாய்க்குள் கொஞ்சம் ஆழமாக வைத்து ஊதுகிறார்கள். கீச்சென்ற ஒலி போய், சாக்ஸபோன் மாதிரி தடித்த, கரகரப்பான ஒலி வருகிறது. ஸ்வரத்தை வளைக்கவும் முடிகிறது. பின்னால் கிட்டார் மூன்றே கார்டில் (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டில்) சுற்றிச் சுற்றி வரும். அதன்மேல் குழல் ஒரு சின்னத் துணுக்கை ஒவ்வொரு முறையும் லேசாக மாற்றி வாசித்துக்கொண்டே போகும். அலுக்கவே அலுக்காது!

குழல் கலைஞர் ஸ்போக்ஸ் மஷியானேயின் 1954 இசைத்தட்டு 'ஏஸ் ப்ளூஸ்' இதைத் தென்னாப்பிரிக்கா முழுக்கக் கொண்டுபோனது. 1958-இல் 'டாம் ஹார்க்' என்ற குவேலா இசைத்தட்டு பிரிட்டன் தரவரிசையில் இரண்டாம் இடம் வரை ஏறியது. அதன் தொடக்கத்தில் தெருவில் சூதாடுகிறவர்களின் பேச்சு, அடுத்து போலீஸ் வருகிற எச்சரிக்கை, உடனே குழல்! நிறவெறிச் சட்டத்தின் கீழ் வாழ்ந்த தெரு அந்தச் சில நொடிகளில் அப்படியே பதிவாகியிருக்கிறது. அதை வாசித்த ஜாக் லெரோல் குழுவுக்கோ சொற்பத் தொகைதான் கிடைத்தது, லாபமெல்லாம் கம்பெனிக்கு. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

சில வருஷங்களில் சாக்ஸபோன் வந்து குழலின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. மஷியானேயே சாக்ஸபோனுக்கு மாறினார், அதிலும் அருமையாக வாசித்தார். எனக்கு அவருடைய குழல்தான் உசத்தி. யூடியூபில் இருக்கிறது, ஹெட்போன் போட்டுக் கேளுங்கள்.