எத்தனை நாளைக்கு?

“இன்னும் எத்தனை நாளைக்கு மேடம் இந்த மாத்திரையைச் சாப்பிடணும்?” என்று எங்கள் மனநல முகாமுக்கு வந்துகொண்டிருந்த ஓர் அம்மா கேட்டார். “அதை டாக்டர்கிட்டதாம்மா கேக்கணும்” என்று நான் சொன்னேன். எங்களுக்குள் நடந்த பேச்சு இவ்வளவுதான். பதினான்கு மாதங்கள் ஆகிவிட்டன. என் பதிலில் விதிப்படி ஒரு தவறும் இல்லை. என்னைப் போன்ற மனநல சமூகப் பணியாளருக்கு மருந்தைத் தொடங்கவோ நிறுத்தவோ அதிகாரம் கிடையாது, இருக்கவும் கூடாது. ஆனால் அந்தக் கேள்விக்குச் சொல்லக்கூடிய வேறொரு பதில் அப்போதே எனக்குத் தெரிந்திருந்தது என்பதையும், தெரிந்தே அதை விழுங்கினேன் என்பதையும் இன்றுவரை என்னால் ஒதுக்கிவைக்க முடியவில்லை.

அவர் முதன்முதலில் வந்தபோது, இருபது வயது மகனைச் சாலை விபத்தில் இழந்து மூன்று மாதங்கள் ஆகியிருந்தன. முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலைக்குப் போவதை நிறுத்தியிருந்தார். சோறு இறங்கவில்லை, தூக்கமே இல்லை, விட்டால் கிணற்றுப் பக்கம் போய் நின்றுகொள்கிறார் என்று கூட வந்த தங்கை சொன்னார். மருத்துவர் காலையில் மனச்சோர்வுக்கான எஸ்சிட்டலோப்ராம் 10 மில்லிகிராமும் இரவில் பதற்றத்தைத் தணித்துத் தூங்கவைக்கும் குளோனசெபாம் 0.5 மில்லிகிராமும் எழுதினார். ஆறு வாரம் கழித்து அவர் தலை பின்னி, தானே பேருந்து ஏறி வந்தார். அந்த மாத்திரைகள் அவரைக் காப்பாற்றின என்றுதான் இப்போதும் நம்புகிறேன். நம் சமூகம் மனநலத்துக்கு மாத்திரையை அளவுக்கு மீறி நம்புகிறது என்று கூட்டங்களில் யாராவது பேசும்போதெல்லாம் அந்த ஆறாவது வாரத்தை நினைத்துக்கொண்டு மௌனமாக இருந்துவிடுகிறேன்.

ஆனால் அதன்பின் மூன்று ஆண்டுகள் என்ன நடந்தது? அவருடைய கேஸ் ஷீட்டில் தேதி மட்டும் மாறி, ‘ரிப்பீட்’ என்ற ஒரே சொல் முப்பதுக்கும் மேற்பட்ட வரிகளில் இருக்கிறது. அதில் பாதிக்குமேல் என் கையெழுத்து. மருத்துவர் சொல்ல, நான் எழுதியது. ஒரு முகாம் நாளில் 80 பேர் வருகிறார்கள், காலை 9 மணியிலிருந்து மதியம் 1 மணிக்குள் அத்தனை பேரையும் பார்த்தாக வேண்டும், ஆளுக்கு மூன்று நிமிடம். “தூக்கம் எப்படி? சாப்பாடு எப்படி? சரி, அதே மாத்திரை.” இதில் மருத்துவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த நான்கு மணி நேரத்தில் அவர் தண்ணீர் குடித்துக்கூட நான் பார்த்ததில்லை. குளோனசெபாம் வகை மருந்துகளை இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு மேல் தொடர்வதில் எச்சரிக்கை வேண்டும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மூன்று ஆண்டுகள் தொடர்ந்தது. நிறுத்துவதென்றால் அதற்கு உட்கார்ந்து பேச வேண்டும், கால் மாத்திரை, அரை மாத்திரை என்று கணக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், நடுவில் தூக்கம் கெடும்போது தைரியம் சொல்ல ஓர் ஆள் வேண்டும். தொடர்வதற்கு ஒரு சொல் போதும்.

மகனை இழந்த தாயின் துக்கம் எந்த நாளில் நோயாகிறது என்ற கேள்வியும் எனக்கு அப்போதே இருந்தது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப்பட்டியலில் 2013 வரை, நெருங்கியவரை இழந்த முதல் இரண்டு மாதங்களில் வரும் மனச்சோர்வைப் பொதுவாக நோயாகக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று ஒரு விலக்கு இருந்தது. 2013 பதிப்பில் அது நீக்கப்பட்டது. 2022 திருத்தத்தில் ‘நீடித்த துக்கம்’ தனி நோயாகவே சேர்ந்தது. நம் ஊரில் பதினாறாம் நாள் காரியம், முதல் வருஷத் திதி என்று துக்கத்துக்கு ஒரு நாட்காட்டி இருந்தது. அது எல்லோரையும் தேற்றியது என்று நான் சொல்லமாட்டேன்; அந்த நாட்காட்டியை நம்பி விட்டிருந்தால் இவர் முதல் வருஷத் திதிக்கே உயிரோடு இருந்திருக்கமாட்டார் என்ற பயமும் எனக்கு உண்டு. ஆனாலும் அந்த மூன்று ஆண்டுகளில், மகனின் பெயர் என்ன என்று நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று ஒவ்வொரு மாதமும் கேட்டிருக்கிறேன்.

பிறகு ஏன் அந்தப் பதிலை விழுங்கினேன்? இதைச் சொல்ல இன்னொருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பணியில் சேர்ந்த முதல் ஆண்டில், மனச்சிதைவு நோய்க்கு ரிஸ்பெரிடோன் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஓர் இளைஞரின் தாய் என்னிடம் இதே கேள்வியைக் கேட்டார். படித்துவிட்டு வந்த சூடு எனக்கு. மனிதரின் துயரத்துக்கு வறுமையும் சாதியும் குடும்பமும் காரணமாக இருக்க, எல்லாவற்றையும் மாத்திரையால் மூடுகிறார்கள் என்று உறுதியாக நம்பியிருந்தேன். “மாத்திரை மட்டுமே எல்லாம் இல்லம்மா, பேசிப் பேசியும் சரி பண்ணலாம்” என்றேன். நிறுத்தச் சொல்லவில்லை. அவர் அப்படித்தான் புரிந்துகொண்டார். நான்கு மாதம் கழித்து அந்தப் பையனைக் கைகளைத் துண்டால் கட்டி ஒரு வேனில் கொண்டுவந்தார்கள். “நீங்க சொன்னீங்களேன்னுதான் மேடம்…” என்று அந்தத் தாய் தொடங்கியதை முடிக்கவில்லை. கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். மாத்திரை கிடைக்காத இடத்தில் அதற்குப் பதிலாகக் கயிறும் சங்கிலியும் வந்து நின்றதை இந்த மண் பார்த்திருக்கிறது. அந்த வேனைப் பார்த்த நாளிலிருந்து மாத்திரையைப் பற்றி யார் கேட்டாலும் டாக்டரிடம் கேளுங்கள் என்று மட்டுமே சொல்வது என் வழக்கமாயிற்று. அதைப் பொறுப்புணர்ச்சி என்று நெடுநாள் எண்ணிக்கொண்டிருந்தேன். மனச்சிதைவும் மகனை இழந்த துக்கமும் ஒன்றல்ல என்பது தெரிந்தும், ஒருவருக்கு அஞ்சியதை எல்லோருக்கும் விதியாக்கினேன். அதில் என்னைக் காத்துக்கொள்ளும் எண்ணம் எவ்வளவு இருந்தது என்று இப்போது பிரித்துப் பார்க்க முடியவில்லை.

மகனை இழந்த அந்த அம்மா அன்று மருத்துவரிடம் கேட்கவில்லை. மூன்று நிமிடத்தில் கேட்கத் தோன்றியிருக்காது. வீட்டுக்குப் போய், இரண்டு மாத்திரைகளையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டார். அடுத்த முகாமுக்கு வரவில்லை; அதற்கடுத்த முகாமுக்குத் தங்கைதான் அழைத்துவந்தார். கை நடுக்கம், படபடப்பு, தூக்கமில்லை, காரணமில்லாத அழுகை. நோய் திரும்பிவிட்டது என்று மருத்துவர் முடிவு செய்து எஸ்சிட்டலோப்ராமை 20 மில்லிகிராமாக உயர்த்தினார். குளோனசெபாமை மறுபடி எழுதினார்.

வெளியே வந்ததும், “நிறுத்தி எத்தனாவது நாள்ல இது ஆரம்பிச்சதும்மா?” என்று கேட்டேன். “மூணாம் நாளே மேடம்” என்றார். நோய் திரும்புவதென்றால் பெரும்பாலும் வாரங்கள், மாதங்கள் ஆகும். இந்த மருந்துகளைச் சட்டென்று நிறுத்துவதால் வரும் தொல்லை சில நாட்களிலேயே தலைகாட்டும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். மூன்றாம் நாள் என்பது இரண்டாவதைக் காட்டுகிறது என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அவர் வந்தது ஏழு வாரம் கழித்து. அதற்குள் உண்மையாகவே நோயும் திரும்பியிருக்கலாம். ‘அறிகுறி தொடக்கம்: நிறுத்திய 3ஆம் நாள்’ என்று கேஸ் ஷீட்டில் எழுதினேன். மருத்துவரிடம் போய்ச் சொன்னேனா என்றால், சொன்னேன். அடுத்த நோயாளி உள்ளே வந்துகொண்டிருக்கும்போது, நின்றபடி, பாதி வாக்கியமாகச் சொன்னேன். “சரி, அடுத்த தடவை பார்ப்போம்” என்றார். வற்புறுத்தியிருக்க வேண்டும். எந்த உரிமையில் என்றும் தோன்றுகிறது.

அன்றிரவிலிருந்து படிக்கத் தொடங்கினேன். 2018இல் லான்செட் இதழில் வந்த பெரிய ஆய்வு, 21 மனச்சோர்வு மருந்துகளைப் பற்றிய 522 சோதனைகளைத் தொகுத்து, எல்லாமே மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிட மேலானவை என்றது. ஆனால் அந்தச் சோதனைகளில் பெரும்பாலானவை சுமார் எட்டு வாரம் நீடித்தவை. என் எதிரில் இருப்பவருக்கு மூன்று ஆண்டுகள். பிரிட்டனில் நீண்ட காலம் மருந்து சாப்பிட்டு நலமாக இருந்தவர்களை வைத்துச் செய்த இன்னொரு சோதனை 2021இல் வெளியானது. மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஓராண்டுக்குள் 39 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. படிப்படியாக நிறுத்தியவர்களில் 56 சதவீதம் பேருக்குத் திரும்பியது. இந்த எண்களைப் பலநாள் பார்த்துக்கொண்டிருந்தேன். நிறுத்தினால் ஆபத்து கூடுகிறது என்பது உண்மை. நிறுத்தியவர்களில் 44 சதவீதம் பேருக்கு ஓராண்டில் நோய் திரும்பவில்லை என்பதும் அதே அட்டவணையில்தான் இருக்கிறது. அவர் என்னிடம் கேட்டபோது இதைச் சொல்லியிருக்க முடியும். “சட்டுன்னு நிறுத்தாதீங்கம்மா, கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்க வழி இருக்கு, சிலருக்கு ஒத்துக்கும், சிலருக்குத் திரும்ப வரும், வாங்க, நானும் கூட வந்து டாக்டர்கிட்ட கேக்குறேன்.” ஒரு நிமிடம் ஆகியிருக்கும். என் அதிகாரத்தை மீறிய ஒரு சொல்கூட இதில் இல்லை.

நான் நோயாளிகளிடம் வழக்கமாகச் சொல்லிவந்த வேறொன்றும் அந்த நாட்களில் ஆட்டம் கண்டது. “மூளையில ஒரு ரசாயனம் குறைஞ்சிருக்கு, சர்க்கரைக்கு இன்சுலின் போடுற மாதிரிதான் இது” என்பேன். அவரிடமும் சொல்லியிருக்கிறேன். செரோடோனின் என்ற அந்த ரசாயனத்தின் குறைவுதான் மனச்சோர்வுக்குக் காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று 2022இல் லண்டன் ஆய்வாளர்கள் தொகுத்துக் காட்டினார்கள். மருந்து வேலை செய்யாது என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் சர்க்கரை நோயாளி மாதிரி என்று சொல்லும்போது வாழ்நாள் முழுவதும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். பையன் போன துக்கத்தை ரசாயனக் குறைவு என்று ஒரு தாய்க்கு விளக்கியது நான்தான் என்பது இன்னும் உறுத்துகிறது.

அப்படியானால் நாம் மருந்தை அதிகம் நம்பியிருக்கிறோமா? பெங்களூரில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிமான்ஸ் 2015–16இல் 12 மாநிலங்களில் எடுத்த கணக்கில், மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான மனநோய் உள்ளவர்களில் 85 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை. அந்த 85 பேர் இருக்கும் தெருவிலேயே, ஒருமுறை தொடங்கியதை நிறுத்த ஆளில்லாமல் இவர் மூன்று ஆண்டுகள் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தார். கோவாவில் ஊர் மக்களையே பயிற்றுவித்து, ஆறு முதல் எட்டு அமர்வுகள் பேசவைத்து, கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களுக்குக்கூடப் பலன் கிடைத்ததை 2017இல் வெளியிட்டிருக்கிறார்கள். நமக்கும் ஏன் முடியாது என்று கோபம் வருகிறது. பேசுவதற்காகவே நியமிக்கப்பட்ட நானே அந்த முகாமில் பதிவேடு நிரப்பிக்கொண்டிருக்கிறேன் என்ற நினைப்பும் உடனே வருகிறது.

பிறகு ஒருநாள் முகாம் முடிந்ததும் மருத்துவரிடம் உட்கார்ந்து முழுதாகப் பேசினேன். எதிர்ப்பார் என்று நினைத்திருந்தேன். “இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே” என்றார். அவருடைய மேற்பார்வையில் முதலில் குளோனசெபாமை மட்டும், வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைக்கத் தொடங்கினோம். பாதியாக உடைத்த மாத்திரைகளை அந்த அம்மா ஒரு குங்குமச் சிமிழில் போட்டுக் கொண்டுவந்து எண்ணிக் காட்டுவார். வாரம் ஒருமுறை போனில் பேசினேன். மகனின் பெயரைக் கேட்டேன். அன்று முக்கால் மணி நேரம் பேசினார். ஐந்தாவது மாதம் பாதி அளவுக்கு வந்திருந்தோம்.

சென்ற மாதம், திதிக்கு நான்கு நாள் முன்பு, போன் செய்தார். நான்கு இரவுகளாகத் தூங்கவில்லை, பழையபடி முழு மாத்திரையே போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டார். அது அவருடைய துக்கமா, மருந்து குறைந்ததால் வந்த தொல்லையா, திரும்பி வரும் நோயா என்று போனில் எனக்குத் தெரியவில்லை. வேனில் வந்த பையனின் நினைவும் வந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அதை டாக்டர்கிட்டதாம்மா கேக்கணும்” என்றேன். இந்தமுறை நானே அவரை அழைத்துக்கொண்டு போனேன்.