தம்பி மகனுக்கு ஒரு மதர்போர்டு

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் தம்பி வீட்டில் ஒரு வாரமாக இதே பேச்சுதான். பையனுக்கு கேமிங் கம்ப்யூட்டர் கூட்டுகிறோம். ரைசன் 5 5600 பிராசஸர் கையில் இருக்கிறது, எல்லாப் பாகங்களையும் இணைக்கும் மதர்போர்டுதான் பாக்கி. அவனுக்கு விளக்கு மின்னும், விலை கூடிய எக்ஸ்570 வகைப் போர்டு வேண்டும். "பெரியப்பா, பார்க்க எவ்வளவு நல்லா இருக்கு!" என்கிறான். அந்தக் காசை கிராபிக்ஸ் கார்டில் போட்டால் விளையாட்டிலேயே வித்தியாசம் தெரியுமடா என்றேன்.

மலிவு என்றால் ஏ520 வகைப் போர்டு. ஆனால் அதில் கிராபிக்ஸ் கார்டு போன்றவற்றை இணைக்கும் பிசிஐஇ பழைய 3.0 மட்டும்தான். பி550இல் கிராபிக்ஸ் கார்டுக்கும் போர்டிலேயே செருகும் முதல் எம்.2 எஸ்எஸ்டி சேமிப்புக்கும் அதைவிட வேகமான 4.0 கிடைக்கும். 2018இல் வந்த பி450யும் மோசமில்லை. போர்டைத் தொடக்கி வைக்கும் மென்பொருளான பயாஸ் பழையதாக இருந்தால் மட்டும் 5600ஐ அதற்கு அடையாளம் தெரியாது, திரையில் ஒன்றுமே வராது. பிராசஸர் இல்லாமலே பென்டிரைவிலிருந்து பயாஸ் ஏற்றும் பொத்தான் சில போர்டுகளில் உண்டு. பழைய போர்டு வாங்குகிறவர்கள் அதைப் பார்த்து வாங்குங்கள்.

அப்புறம், பிராசஸருக்கு மின்சாரத்தைச் சீராக்கும் பகுதியின் மேல் சூட்டைத் தணிக்கும் ஹீட்சிங்க் கட்டாயம் இருக்க வேண்டும். டர்பனில் பிப்ரவரி மாதப் புழுக்கம் நமக்குத் தெரியாததா?

சரி, பி550 என்று முடிவாகிவிட்டது. நல்ல நிலையில் யாரிடமாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள், சனிக்கிழமை நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.