தலைவி தானே பாடியபோது

உயர்தர வகுப்பில் எங்களுக்குத் தமிழ் படிப்பித்த ரீச்சர், குறுந்தொகைப் பாட்டு எதைத் தொடங்கினாலும் முதலில் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: "பிள்ளையள், இது ஆரின்ரை கூற்று?" தலைவியா, தோழியா, தலைவனா என்று சொல்லாமல் அடுத்த அடிக்குப் போக விடமாட்டார். பிரான்சுக்கு வந்தபின், இந்த நாட்டின் தெற்கே 12ஆம் நூற்றாண்டில் ஒக்சித்தான் மொழியில் செழித்த அரசவைக் காதல் பாடல்களைப் படிக்கத் தொடங்கினேன். அப்போது எனக்குக் கைகொடுத்தது அந்தக் கேள்விதான்.

துரூபதூர் எனப்படும் அந்தக் கவிஞர்களின் பாட்டில் பெண்ணுக்குப் புகழ்ச்சி கொஞ்சநஞ்சமல்ல. அவளுக்கு ஊழியம் செய்வதாகச் சொல்லி உருகுவார்கள். பெயரை வெளியே சொல்லாமல் புனைபெயரால் அழைப்பார்கள். எல்லாம் சரி, அவள் என்ன நினைத்தாள்? அவர்களின் பாட்டில் இதற்குப் பெரும்பாலும் பதில் இல்லை. அதே மரபில் பாடிய பெண் கவிஞர்களிடம் இருக்கிறது.

அவர்களில் தியா சீமாட்டியை நான் எல்லோருக்கும் மேலே வைப்பேன். பாட விரும்பாததைப் பாட வேண்டி வந்துவிட்டதே என்று ஒரு பாட்டைத் தொடங்குகிறார். காதலன் வஞ்சித்துவிட்டான், என் அழகு, மதிப்பு, அறிவு எதுவும் அவனிடம் எடுபடவில்லை என்கிறார். ஏன் என்னிடம் இவ்வளவு கடுமை என்று நேரடியாகவே கேட்கிறார். கடைசியில் தூது போகிறவனிடம், மிதமிஞ்சிய செருக்கால் பலர் கெட்டிருக்கிறார்கள் என்பதையும் அவனுக்குச் சொல்லிவிடு என்கிறார். எங்கள் அகப்பாட்டில் வெள்ளிவீதியார் போன்ற பெண் புலவர்கள் சிலரைத் தவிர, தலைவி கூற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். இங்கே தலைவியே புலவர். அதுதான் என்னை உலுக்கியது. அந்த ஒக்சித்தான் பெண் கவிஞர்களின் பாடல்களில் மெட்டோடு கிடைத்திருப்பதும் இது ஒன்றுதான். அதைத் தாங்கிய 13ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதி பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. பலர் பாடிப் பதிவு செய்திருக்கிறார்கள், கட்டாயம் கேளுங்கள்.

ஓவேர்ஞ் பகுதிக் கவிஞர் கஸ்தெலோசா இன்னொரு விதம். ஒரு பெண் ஆணிடம் காதலை இரந்து நிற்பது தகாது என்று எல்லோரும் சொல்வது தெரியும், ஆனாலும் எனக்கு இது தகும் என்று பாடுகிறார். அவரிடம் சீற்றம் குறைவு, துணிவு குறைவில்லை.

அந்தத் தென்னாட்டில் உயர்குடிப் பெண்கள் சிலருக்கு நிலமும் அதிகாரமும் இருந்தன. நார்போன் நகரை எர்மெங்கார்ட் என்ற பெண் பல பத்தாண்டுகள் ஆண்டார், கவிஞர்களையும் ஆதரித்தார். இந்தக் குரல்கள் எழுந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நம்புகிறேன்.

அப்புறம், எங்கள் கல்லூரி விவாத அணியில் இருந்த தோழிகளுக்காக ஒன்று. வென்ததோர்ன் மரியா என்ற பெண் கவிஞரும் கி த யூசெல் என்ற ஆண் கவிஞரும் பாட்டிலேயே வாதாடுகிறார்கள். பெண் காதலை ஏற்றுக்கொண்டபின் காதலன் அவளுக்குச் சமமா? சமமே என்கிறார் கி. மரியா விடவில்லை. மண்டியிட்டு, கைகூப்பி, உன் ஊழியன் என்று சத்தியம் செய்தவன், காதல் கைகூடியதும் நானும் நீயும் சமம் என்றால் அது துரோகம் இல்லையா என்று மடக்குகிறார். இன்றைய மனத்துக்குக் கி சொல்வதே நியாயமாகப் படும். ஆனால் அந்தக் காலத்தில் மணவாழ்க்கையில் அவளுக்குச் சமம் என்ற பேச்சே இல்லை. பாட்டில் கிடைத்த அந்த ஓர் உயரத்தையும் அவள் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? நான் நடுவராக இருந்தால் மரியாவுக்குத்தான் புள்ளி போடுவேன்.