மர்ஃபிக்கு ஒரு மூக்குப்பட்டை

மே 3, 2025, சனி

அடுத்த மாதம் கவுண்டி ஷோ என்னும் வட்டாரக் கண்காட்சியில் எங்கள் லாயத்துக் குதிரை மர்ஃபி களம் இறங்குகிறான். வேட்டைக்குதிரை வகுப்பில் நடுத்தர எடைப் பிரிவு. 12 ஸ்டோன் 7 பவுண்டு முதல் 14 ஸ்டோன் வரை, கிலோவில் சொன்னால் ஏறக்குறைய 79 முதல் 89 வரை எடையுள்ள ஆளை, நாள் முழுதும் வேலி தாண்டிச் சுமக்கக்கூடிய குதிரை என்று பொருள். சேணம், கடிவாளம், பின்னல் எல்லாம் இந்த ஆண்டு என் பொறுப்பு என்று லாயத்து அம்மையார் சொல்லிவிட்டார். சவாரி அவர் மகள்.

மர்ஃபியின் தாய் ஐரிஷ் டிராஃப்ட் என்ற கனத்த இனம், தந்தை தரோபிரெட் என்ற பந்தய இனம். கால், தோள், பின்பக்கம் எதிலும் குறை சொல்ல முடியாது. தலைதான் தாயைக் கொண்டு நீளமாக, சாதாரணமாக அமைந்துவிட்டது. கழுத்தும் குட்டை. இவை இரண்டையும் நடுவர் இரண்டாவதாகப் பார்க்க வேண்டும். முதலில் தோளைப் பார்க்க வேண்டும். என் வேலை அவ்வளவுதான்.

மே 10, சனி

வூஸ்டர்ஷயரில் இருந்துகொண்டு கடிவாளம் வாங்க வேறெங்கும் போவது பாவம். வால்சாலுக்குப் போனேன். தலைமுறை தலைமுறையாகச் சேணம் தைத்த ஊர். அதன் கால்பந்து அணிக்கே ‘சேட்லர்ஸ்’, அதாவது சேணம் செய்பவர்கள், என்றுதான் பட்டப்பெயர். பழைய கடிவாளங்களை வாங்கி விற்கும் ஒரு கடையில் நேரம் போனதே தெரியவில்லை.

மெல்லிய மூக்குப்பட்டை, மேடு எழுப்பிப் பூத்தையல் போட்டது, பட்டையாக அகன்றது என்று வகைக்கு ஒன்றாகக் கொண்டுவந்து மாலையில் மர்ஃபிக்கு மாட்டிப் பார்த்தேன். மெல்லியதை மாட்டியதும் அவன் முகம் தெருமுனைத் தபால் பெட்டி போல நின்றது. பூத்தையல் அமெரிக்க வேட்டைக்குதிரை வகுப்புகளில் அழகுதான். இங்கே துருத்திக்கொண்டு தெரியும். அகன்ற, தட்டையான, தையல் வேலை ஏதுமில்லாத பழுப்புத் தோல்தான் பொருந்தியது. முகத்தின் நீளத்தைக் குறுக்கே வெட்டி இரண்டாகப் பிரித்துவிடுகிறது. கன்ன எலும்புக்கு இரண்டு விரல் கீழே இருந்ததை ஒரு துளை மேலேற்றிக் கட்டினேன். அந்த ஒரு துளையில் தலை இன்னும் கொஞ்சம் குறுகியது. அம்மையாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, “ம்” என்றார். அவரிடம் அது பெரிய பாராட்டு.

மே 18, ஞாயிறு

இரட்டைக் கடிவாளம் என்பதில் விவாதம் இல்லை. வாயில் இரண்டு இரும்பு, கையில் இரண்டு ஜோடி வார். ஓர் இரும்பு மெல்லிய பிரிடூன், தலையைத் தூக்கச் சொல்லும். மற்றது வேமத் என்ற நெம்பு இரும்பு, தாடையை இளக்கச் சொல்லும். புதிய குதிரைகளுக்கு ஸ்நாஃபிள் என்ற ஒற்றை இரும்பு போதும். மர்ஃபி அந்தக் கட்டத்தைக் கடந்துவிட்டான். தாடைச் சங்கிலியைக் கண்ணிகள் எல்லாம் தட்டையாகப் படியும்வரை முறுக்கி மாட்டுவதை இங்கே வரும் சிறுமிகளுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. ஒரு கண்ணி பிரண்டிருந்தாலும் குத்துவது குதிரைக்குத்தானே!

சேணத்தில்தான் தகராறு. மகளுக்கு நேர்வெட்டுச் சேணம் வேண்டும். மடல் செங்குத்தாக இறங்கித் தோளை முழுவதும் திறந்துகாட்டும். உண்மைதான். ஆனால் இந்த வகுப்பில் நடுவரும் ஏறிச் சவாரி செய்வார். நடுவர் ஆறடி ஆணாக இருக்கலாம், ஐந்தடிப் பெண்ணாகவும் இருக்கலாம். முழங்காலுக்குப் பிடிமானமே இல்லாத சேணத்தில் அவரை உட்காரவைத்துப் பாய்ச்சலில் விட்டால், குதிரையைப் பற்றி அவருக்கு என்ன நல்லெண்ணம் வரும்? நெடுநேரம் பேசியபின் நடுவழி ஒன்று கிடைத்தது. பக்கத்து லாயத்தில் ஒரு சேணம் இரவல்: பதினெட்டு அங்குல இருக்கை, மடல் கொஞ்சமே முன்னால் வளைந்தது, முழங்காலுக்கு மெலிதான ஒரு திண்டு. அடியில் துணி விரிப்பு வெளியே தெரியக் கூடாது. அங்கவடி வாரில் மேலும் கீழும் தாராளமாகத் துளைகள் இருக்க வேண்டும்.

மே 25, ஞாயிறு

அம்மாவுக்கு மர்ஃபியின் புகைப்படம் அனுப்பியிருந்தேன். காலையிலேயே அழைத்துவிட்டாள். “இதென்னடி, போட்டிக்குப் போகிற குதிரை இப்படி மொட்டையாக நிற்கிறது? நெற்றிக்கு ஒரு சுட்டியாவது கட்டக் கூடாதா?” அவள் பார்த்தவை ஐயனார் கோயில் மண்குதிரைகளும் கல்யாண ஊர்வலக் குதிரைகளும். இங்கேயும் ஹேக் என்னும் நளினமான சவாரிக் குதிரைகளுக்கும் சிறுவர்களின் போனிகளுக்கும் நெற்றிப்பட்டையில் வண்ண வெல்வெட் சுற்றுகிறார்கள். வேட்டைக்குதிரைக்கு மட்டும் வெறும் தோல். புதருக்குள் புகுந்து சேற்றில் விழுந்து எழப்போகிறவனுக்கு வெல்வெட் எதற்கு என்ற பழைய நியாயம் அது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாய்களை விட்டு நரியை வேட்டையாடுவது 2005 முதல் சட்டப்படி குற்றம். வேட்டை போய்விட்டது, அதன் உடுப்பு விதிகள் வகுப்பில் அப்படியே நடமாடுகின்றன. எனக்கு நரியின் பக்கம்தான். ஆனாலும் அந்த உடுப்பின் கண்டிப்பு பிடிக்கும். அதில் ஒன்றான பவுலர் தொப்பி 1849இல் செய்யப்பட்டதே, குதிரையேறிப் போகும் வேட்டைக்காட்டுக் காவற்காரர்களின் தலையைத் தாழ்ந்த கிளைகளிடமிருந்து காப்பாற்றத்தான். அம்மையாரின் மகளுக்கு அது வேண்டாம். தாடைப்பட்டை உள்ள பாதுகாப்புத் தொப்பியே போதும்.

மற்றபடி பச்சை கலந்த பழுப்பு ட்வீட் கோட், மங்கிய மஞ்சளில் பிரீச்சஸ் என்னும் சவாரிக் காற்சட்டை, கறுப்பு நீள்காலணி, பழுப்புத் தோல் கையுறை. கடுகு நிறத்தில் ஒரு ட்வீட் வைத்திருக்கிறாள். மர்ஃபியின் செம்பழுப்பு மேனிமேல் அது சண்டை போடும், வேண்டாம் என்றேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

ஜூன் 1, ஞாயிறு

வால் வெட்டும் நாள். வெறுமனே தொங்கும்போது அளந்து வெட்டக் கூடாது. நடக்கும்போது குதிரை வாலை உயர்த்தும், அப்போது குட்டையாகிவிடும். ஒருவர் வால் எலும்பின் அடியில் கையைக் கொடுத்து அந்த உயரத்துக்குத் தூக்கிப் பிடிக்க, பின்னங்கால் முட்டிக்கு ஒரு கையகலம் கீழே நேராக வெட்டினேன்.

பின்னலில் பழைய ஆட்கள் ஒற்றைப்படை எண்ணிக்கை என்பார்கள். குட்டைக் கழுத்துக்கு எண்ணிக்கை கூட வேண்டும். சிறிதாகவும் நெருக்கமாகவும் போட்டால் கழுத்து நீண்டு தெரியும். ஒத்திகையில் 15 போட்டேன். மேல்கழுத்து ஏற்கெனவே தடிப்பு என்பதால் முடிச்சுகளை உச்சியில் நிறுத்தாமல் பக்கவாட்டில் தாழ்த்தி, கறுப்பு நூலால் தைத்தேன். ரப்பர் வளையம் சீக்கிரம் முடியும். கிட்டத்தில் பார்த்தால் பல்லிளிக்கும்.

ஜூன் 7, சனி

மூன்று மணிக்கு எழுந்து பின்னல். நடுவர் குள்ளமான பெண்மணி. வாரை ஏறக்குறைய உச்சித் துளைவரை இழுத்துக் கொடுத்தேன். மர்ஃபி அவரைச் சுமந்துகொண்டு நீண்ட பக்கத்தில் பாய்ந்தபோது, அவர் பின்னால் சாயவும் இல்லை, முன்னால் கவிழவும் இல்லை. உடலமைப்பைக் காட்டச் சேணம் இறக்கும் நேரத்தில் வியர்வைத் தடத்தைத் துடைத்து, பின்தொடை முடியில் தூரிகையால் அகலப் பட்டைகளை மறுபடி இழுத்துவிட்டேன். ஹேக்கின் சின்னச் சின்னக் கட்டங்கள் இவ்வளவு பெரிய பின்பக்கத்துக்குப் பொருந்தாது.

மூன்றாம் இடம். முதலில் வந்தவனுக்கு மெல்லிய மூக்குப்பட்டை. அந்த முகத்துக்கு அது தகும். அவன்மேல் இருந்தவர் அணிந்திருந்தது கடுகு நிற ட்வீட். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டேன்.

இரவல் சேணத்தை நாளை திருப்பித் தர வேண்டும். அதையே விலைக்குக் கேட்கச் சொல்லி அம்மையாரிடம் வண்டியிலேயே பேச்செடுத்தேன். “ம்” என்றார். இந்த “ம்” வேறு.