கல்லீரல் நோயில் வரும் மனச்சோர்வு: முதலில் எது எதுவென்று பிரித்துப் பாருங்கள்

சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகுவது), நாள்பட்ட ஹெப்படைடிஸ் (கல்லீரல் அழற்சி), முற்றிய கொழுப்புக் கல்லீரல் என்று எந்தப் பெயரில் இருந்தாலும், இந்த நோயோடு சில ஆண்டுகள் வாழ்ந்தவர் ஒரு கட்டத்தில் பேச்சைக் குறைத்துக்கொள்வார். பகலில் படுத்தே கிடப்பார். சாப்பாட்டைத் தள்ளி வைப்பார். வீட்டில் உடனே தீர்ப்பு வந்துவிடும்: "மனசு விட்டுட்டாரு." முதலில் ஆறுதல் சொல்வார்கள், பிறகு அதட்டுவார்கள். இரண்டும் பலிக்காது. அவரைப் படுக்க வைத்திருப்பது மனச்சோர்வுதானா என்று அதுவரை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி தெரியும் மூன்று விஷயங்கள் உண்டு. கல்லீரல் வடிகட்டத் தவறிய அம்மோனியா போன்ற கழிவுகள் ரத்தத்தில் தேங்கி மூளை மந்தமாவது ஒன்று. நோயும் மருந்துகளும் தரும் உடல் அசதி இன்னொன்று. மூன்றாவதுதான் மனச்சோர்வு. பலருக்கு இவை கலந்தே இருக்கும். ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. முதலாவதை மூன்றாவது என்று நினைத்துத் தூக்க மாத்திரை கொடுத்தால் ஆள் சுயநினைவு இழக்கும் அளவுக்குப் போகலாம். அதனால் இந்த வரிசையிலேயே பாருங்கள்.

மூளை மந்தமா?

மருத்துவர்கள் இதை ஹெப்பாட்டிக் என்செபலோபதி என்பார்கள். ஆரம்பக் கட்டத்தில் இது குழப்பமாகக்கூடத் தெரியாது. எரிச்சல், அக்கறையின்மை, ஒரு வேலையில் கவனம் நிற்காமை, அவ்வளவுதான். மனச்சோர்விலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளங்கள் சில உண்டு.

முதலில் தூக்கத்தைப் பாருங்கள். மனச்சோர்வில் பெரும்பாலும் விடியும் முன்பே விழிப்பு வந்து, மறுபடி உறக்கம் வராது. என்செபலோபதியில் இரவும் பகலும் இடம் மாறும்: ராத்திரி முழுக்க கொட்டக் கொட்ட விழிப்பு, பகலில் பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொக்கும். அடுத்து, வேகம். மனச்சோர்வு வாரக்கணக்கில் மெல்லப் படியும். மூளை மந்தம் இரண்டு மூன்று நாளில் ஏறும், இறங்கும். மூன்றாவது, கைகள். சட்டைப் பொத்தான் போடத் தடுமாற்றம், கையெழுத்து கோணுவது, இரு கைகளையும் முன்னே நீட்டி மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கினால் கை படபடவென்று விழுந்து எழுவது. இவை மனச்சோர்வில் வராது.

வீட்டில் செய்யக்கூடிய சோதனைகள் இரண்டு. ஒரு நோட்டில் நோயாளி தினமும் ஒரே வாக்கியத்தை எழுதித் தேதி போடட்டும். பத்து நாள் பக்கங்களைப் புரட்டினாலே மாற்றம் கண்ணில் படும். வாரம் ஒருமுறை, ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்குகளின் பெயரைச் சொல்ல முடிகிறது என்று எண்ணுங்கள். 10-க்குக் கீழே இருந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இதைத் தினமும் செய்தால் பட்டியல் மனப்பாடமாகிவிடும், சோதனை வீணாகும்.

இதற்கு முதல் மருந்து லாக்டுலோஸ் சிரப். வழக்கமாக 15 முதல் 30 மில்லி வரை, ஒரு நாளில் இரண்டு அல்லது மூன்று வேளை. ஆனால் அளவைத் தீர்மானிப்பது மில்லிக்கணக்கு அல்ல, மலம். நாளொன்றுக்கு இரண்டு மூன்று முறை இளகலாகப் போக வேண்டும். அதற்குக் குறைந்தால் கழிவு வெளியேறவில்லை. ஐந்தாறு முறை தண்ணீராகப் போனால் உடலில் நீர் வற்றி, குணப்படுத்த வந்த மருந்தே குழப்பத்தைக் கூட்டும்.

அடிக்கடி நடக்கும் தவறு இது: வெளியூர்ப் பயணம், கல்யாணம், ஆபீஸ் வேலை என்று கழிப்பறை பயத்தில் இரண்டு நாள் சிரப்பை விட்டுவிடுவார்கள். மூன்றாம் நாள் ஆள் சுருண்டு படுப்பார். "விசேஷத்துல யாரோ ஏதோ சொல்லிட்டாங்க போல" என்று வீட்டில் காரணம் தேடுவார்கள். அப்படிப்பட்ட நாட்களில் நிறுத்துவதற்குப் பதில் வேளைகளை மாற்றி அமைத்துத் தரும்படி மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்கலாம். திரும்பத் திரும்ப வந்தால் ரிஃபாக்ஸிமின் என்ற ஆன்டிபயாடிக் 550 மில்லிகிராம் மாத்திரையை இரண்டு வேளை சேர்ப்பார்கள். தூண்டும் காரணங்களையும் தேட வேண்டும்: மலச்சிக்கல், காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, உள்ளே ரத்தக்கசிவு, பொட்டாசியம் குறைவு, தூக்க மாத்திரை. மலம் தார் போலக் கறுத்தாலோ, ரத்த வாந்தி எடுத்தாலோ, எழுப்பினாலும் எழாமல் கிடந்தாலோ உடனே அவசரப் பிரிவுக்கு. இந்த மந்தம் இருக்கும் நாட்களில் வண்டி ஓட்டக்கூடாது.

உடம்பின் பங்கு

இதற்கு ஒரு ரத்தப் பரிசோதனைச் சீட்டு போதும். ஹீமோகுளோபின், சோடியம், தைராய்டு, வைட்டமின் பி12, வைட்டமின் டி, சர்க்கரை. தன்னெதிர்ப்பு வகைக் கல்லீரல் நோயுள்ளவர்களுக்குத் தைராய்டு குறைபாடும் சேர்ந்து வருவது சகஜம். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு மனநிலை மேலும் கீழும் ஆடும், தூக்கம் கெடும். காலையிலேயே சாப்பிட்டுவிட்டால் தூக்கமாவது கொஞ்சம் மிஞ்சும். நீர் பிரியும் மாத்திரைக்கும் அதே விதி, இல்லாவிட்டால் ராத்திரி நான்கு முறை எழுந்திருக்க வேண்டும். உடல் பருமனும் பலத்த குறட்டையும் இருந்தால் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இனி மனச்சோர்வு

பிஹெச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவத்தைப் பெரும்பாலான மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றியது; ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. 10-ஐத் தொட்டால் கவனிக்க வேண்டிய அளவு. கல்லீரல் நோயாளியிடம் ஒரு சிக்கல் இருக்கிறது. தூக்கம், களைப்பு, பசி, கவனம், அசைவின் வேகம் பற்றிய ஐந்து கேள்விகளுக்கு நோயே மதிப்பெண் போட்டுவிடும். அதனால் மொத்தத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல், மிச்சமுள்ள நான்கைத் தனியே பாருங்கள்: எதிலும் நாட்டமில்லை, மனம் சோர்ந்து நம்பிக்கை இழந்திருக்கிறது, நான் தோற்றுப்போனவன், செத்தால் தேவலை. வெறும் களைப்பில் இருப்பவர், உடம்பு ஒத்துழைத்தால் பேரனோடு விளையாடுவேன் என்பார். மனச்சோர்வில் இருப்பவருக்கு அந்த ஆசையே இருக்காது.

ஒன்பதாவது கேள்விக்கு 0 தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும், மொத்தம் எவ்வளவாக இருந்தாலும், அன்றே ஒருவரிடம் பேச வேண்டும். வீட்டார் அதை நேரடியாகக் கேட்கலாம்: "சாகணும்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமென்றால் தனியே விடாதீர்கள். மாத்திரை டப்பாக்களை வேறொருவர் பொறுப்பில் வையுங்கள். உங்கள் பகுதியின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ மருத்துவமனையையோ உடனே அழையுங்கள்.

மாத்திரை பற்றிய பயம்

"கல்லீரலே போயிடுச்சு, இதுல மனசுக்கு வேற மாத்திரையா?" இந்தக் கேள்வி நியாயமானது. அதற்குப் பதிலும் இருக்கிறது. மனச்சோர்வு மாத்திரைகளில் செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் இரண்டும் கல்லீரல் நோயிலும் பொதுவாகப் பயன்படுத்தப்படுபவை; அளவு மட்டும் குறைவு. செர்ட்ராலினை 25 மில்லிகிராமில் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். எஸ்சிட்டலோபிராம் 5-ல் தொடங்கும், கல்லீரல் பாதிப்பில் 10-க்கு மேல் போவதில்லை. பித்தத் தேக்கத்தால் வரும் ஓயாத அரிப்புக்கும் செர்ட்ராலின் கொடுப்பதுண்டு. ராத்திரி முழுக்கச் சொறிந்துகொண்டு தூங்காதவருக்கு அது இரட்டை லாபம்.

கவனிக்க வேண்டியவை மூன்று. இந்த வகை மருந்துகள் ரத்தக்கசிவு வாய்ப்பைச் சற்றுக் கூட்டும். உணவுக்குழாயில் ரத்தநாளப் புடைப்பு இருக்கிறதா, கடைசியாக எண்டோஸ்கோபி எப்போது பார்த்தது என்பதை மருந்து எழுதும் மனநல மருத்துவருக்குச் சொல்லியாக வேண்டும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் சிரோசிஸில் எப்படியும் கூடாது. மனச்சோர்வு மாத்திரையோடு சேர்ந்தால் ஆபத்து இன்னும் அதிகம். இரண்டாவது, சோடியம் குறையலாம். நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுபவர் தொடங்கிய சில வாரங்களுக்குள் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். மூன்றாவது, செர்ட்ராலின் முதல் ஓரிரு வாரம் சிலருக்கு வயிற்றை இளக்கும். லாக்டுலோஸும் சேர்ந்தால் நாள் முழுக்கக் கழிப்பறைதான். எந்த மருந்தைக் குறைப்பது என்று நீங்களே முடிவு செய்யாமல் கேட்டுச் செய்யுங்கள்.

பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். குமட்டலும் படபடப்பும் முதல் வாரத்திலேயே வந்துவிடும். ஆக, நன்மை வருவதற்கு முன்பே தொல்லை வந்துவிடுவதால், பத்தாம் நாள் மாத்திரையைத் தூக்கிப் போடுபவர்கள் ஏராளம். இந்தக் கணக்கை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் தாக்குப்பிடிக்கலாம்.

மனச்சோர்வு மருந்துகளிலேயே டுலோக்ஸெட்டின், அகோமெலட்டின் இரண்டும் கல்லீரல் நோயில் தவிர்க்க வேண்டியவை. பழைய டிரைசைக்ளிக் வகை மலச்சிக்கலும் மயக்கமும் தரும், அது நேராக மூளை மந்தத்தில் கொண்டு விடும். டையாசெபாம் போன்ற பதற்றம் தணிக்கும் மாத்திரைகளும் மயக்கம் தந்து அங்கேயே கொண்டு விடும். "இயற்கையானது" என்று விற்கப்படுபவற்றில் எனக்குப் பொறுமை குறைவு: காவா என்ற மூலிகை வேரும் அஸ்வகந்தாவும் கல்லீரலைப் பாதித்ததாகப் பதிவுகள் உள்ளன. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, கல்லீரல் மாற்று அறுவை செய்துகொண்டவர், புதிய கல்லீரலை உடல் நிராகரிக்காமல் இருக்கச் சாப்பிடும் டாக்ரோலிமஸின் அளவை ரத்தத்தில் இறக்கிவிடும்; ஹெப்படைடிஸ் சி மருந்துகளையும் செயலிழக்கச் செய்யும்.

ராத்திரிச் சிற்றுணவும் பத்து நிமிட வேலையும்

சிரோசிஸில் கல்லீரலால் போதுமான சர்க்கரையைச் சேமிக்க முடியாது. ஒரு ராத்திரி பட்டினியே, ஆரோக்கியமானவர் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்ததற்குச் சமமாக உடம்பைக் கரைக்கும். தசை கரையும், காலையில் எழவே தெம்பிருக்காது. அந்தத் தெம்பின்மையை மனம் "இன்னொரு வீணான நாள்" என்று படித்துக்கொள்ளும். இதற்கு மாற்று எளிது: தூங்கும் முன், சுமார் 50 கிராம் மாவுச்சத்துள்ள சிற்றுணவு. சர்க்கரை நோய் இருந்தால் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். பகலில் புரதம் உடல் எடைக்கு ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை. புரதமே கூடாது என்ற பழைய அறிவுரை இன்னும் உலவுகிறது, அதை நம்பித் தசையை இழந்தவர்கள் நிறைய. வயிற்றில் நீர் கோர்த்திருந்தால் உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள்.

மனச்சோர்வுக்கான பேச்சு சிகிச்சையில் ஒரு பகுதி, மனம் வரும் வரை காத்திராமல் நேரப்படி வேலை செய்வது. கல்லீரல் நோயாளிக்கு அதைக் கொஞ்சம் திருத்த வேண்டும். தெம்பு அதிகமுள்ள வேளை எது என்று ஒரு வாரம் குறித்து, அந்த வேளையில் மட்டும் பத்து நிமிட வேலை ஒன்றைப் போடுங்கள். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்காருவதும் அதில் ஒன்றாக இருக்கட்டும், தொடைத் தசைக்கு அது நல்லது. பாரம் தூக்கி முக்குவது மட்டும் ரத்தநாளப் புடைப்பு உள்ளவர்களுக்கு வேண்டாம். திட்டம் எங்கே உடைகிறதென்றால், நல்ல நாளில்தான். உடம்பு லேசாக இருக்கிறதென்று வீட்டையே ஒழித்துப் போட்டு, அடுத்த இரண்டு நாள் படுக்கை. நல்ல நாளிலும் குறித்த அளவோடு நிறுத்துங்கள்.

நம்பிக்கைக்கு ஆதாரம் என்ன?

"பாசிட்டிவா இரு" என்பதை அறிவுரையாகவே நான் மதிப்பதில்லை. நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, காரணத்தை நீக்க முடியுமா என்ற இரண்டு கேள்விகளுக்கான பதில் அதைவிடப் பயன்படும். இணையத்தில் பயமுறுத்தும் ஆயுள் கணக்குகள் பெரும்பாலும் நீர் கோர்த்தல், ரத்த வாந்தி, குழப்பம் வந்த பிறகான கட்டத்துக்கு உரியவை. அவை வராத சிரோசிஸில் சராசரி ஆயுள் 12 ஆண்டுகளுக்கும் மேல் என்று ஆய்வுகள் சொல்கின்றன, அதுவும் சராசரிதான். ஹெப்படைடிஸ் சி-க்கு ஒரு காலத்தில் இன்டர்ஃபெரான் ஊசி, அதுவே மனச்சோர்வைக் கொண்டுவரும். இன்று 8 அல்லது 12 வார மாத்திரையில் 95 சதவீதத்துக்கும் மேல் குணமாகிறது. கொழுப்புக் கல்லீரலில் உடல் எடையில் 10 சதவீதம் குறைத்தவர்கள் பலருக்குத் தழும்பே பின்வாங்குகிறது. 2021-ல் நடந்த பவேனோ 7 நிபுணர் கூட்டம், சீர்குலைந்த, அதாவது மேலே சொன்ன தொல்லைகள் வந்துவிட்ட சிரோசிஸ் மீண்டும் சமநிலைக்குத் திரும்புவதற்கு வரையறையே வகுத்தது: காரணம் நீங்கி, கல்லீரல் செயல்பாடு தேறி, மருந்தின் துணையின்றி நீரும் குழப்பமும் இல்லாமலும், 12 மாதம் ரத்தக்கசிவு மீண்டும் வராமலும் இருப்பது. எல்லோருக்கும் வாய்க்காது. ஆனால் வாய்க்கிறது என்பதால்தான் வரையறை தேவைப்பட்டது.

குடியால் வந்த நோயென்றால் குற்ற உணர்வு தனி பாரம். குடியை நிறுத்திய முதல் சில வாரங்களில் மனம் மிகவும் தாழ்ந்திருக்கும். அதில் பெரும் பகுதி மூன்று நான்கு வாரத்தில் தானே தெளியும். தெளியாமல் நீடித்தால் அதற்கும் சிகிச்சை வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி குடிக்க அதுவே காரணமாகும்.

கல்லீரலில் கட்டி இருக்கிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கும் ஸ்கேனுக்கு முந்தைய வாரம் பலருக்கு மோசமானது. முடிவு வரும் நாளையும் மருத்துவரைப் பார்க்கும் நாளையும் அடுத்தடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட்டை முதலில் பிரிப்பது யார் என்று முன்பே பேசி வையுங்கள். ஒரே ஒரு எண் ஏறியதைப் பார்த்து ராத்திரி விழித்திருப்பதில் பயனில்லை. பிலிருபின் (மஞ்சள் காமாலை அளவு), அல்புமின் (ரத்தப் புரதம்), ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் வேகம்), சோடியம் நான்கையும் கடைசி மூன்று ரிப்போர்ட்டிலிருந்து ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். கையெழுத்து நோட்டையும் பிஹெச்க்யூ-9 மதிப்பெண்ணையும் அதோடு சேர்த்து எடுத்துப் போனால், பத்து நிமிட சந்திப்பில் கல்லீரல் மருத்துவருக்கும் மனநல மருத்துவருக்கும் ஒரே தகவல் கையில் இருக்கும்.