வேகத்தடை ஓரத்தில் மார்கழி

டிசம்பர் 7, ஞாயிறு

கேமரா வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. கூடுதுறை, கொடிவேரி, வால்பாறை என்று போன இடமெல்லாம் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். கம்ப்யூட்டரில் நாலாயிரத்துச் சொச்சம் படங்கள். எங்கள் வீதியில் எடுத்தது எத்தனை என்று இன்று தேடிப் பார்த்தேன். பதினொன்று. அதிலும் ஆறு, மொட்டை மாடியிலிருந்து எடுத்த மேகம்.

இத்தனைக்கும் குடியிருப்பது திருப்பூரில், அனுப்பர்பாளையத்துக்குப் பக்கத்தில். வீதிக்கு ஒரு கோடியில் பாத்திரப் பட்டறைச் சுத்தியல், மறுகோடியில் பனியன் கம்பெனி ஓவர்லாக் இரைச்சல். "போட்டோ புடிக்க ஊரு ஊராப் போறீங்க, நம்ம வீதியில என்ன நடக்குதுன்னு என்கிட்டத்தான் கேக்கறீங்க" என்றாள் வீட்டுக்காரி. பதில் சொல்லவில்லை. பொங்கல் முடியும்வரை வீதியைத் தாண்டிக் கேமராவைக் கொண்டுபோவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

காலை ஒரு மணி நேரத்தில் 64 படம். நாய், கரண்ட் கம்பி, கோலம், டீக்கடை பாய்லர், மறுபடியும் நாய். ஒன்றும் தேறவில்லை. கண்ணில் பட்டதையெல்லாம் சுட்டுக்கொண்டே போயிருக்கிறேன்.

அப்புறம் டீக்கடையில் உட்கார்ந்தபோது ஒன்று கவனித்தேன். எக்ஸெல். இருபது நிமிடத்தில் 31 டிவிஎஸ் எக்ஸெல் வண்டிகள் போயின. வெறும் வண்டி நாலோ ஐந்தோதான். துணி ரோல், கட்டிங் முடிந்த பீஸ் கட்டு, நூல் கோன் மூட்டை, வேஸ்ட் துணி மூட்டை, பாலிஷ் போடப் போகிற எவர்சில்வர் குடங்கள், கேஸ் சிலிண்டர், யூனிஃபார்மில் மூன்று பிள்ளைகள். இந்த ஊரின் ஏற்றுமதியைப் பற்றிப் பேசுபவர்கள் தூத்துக்குடிக்குப் போகும் கன்டெய்னர் லாரியைத்தான் சொல்வார்கள். ஒரு பனியன் அந்த லாரியில் ஏறுவதற்கு முன்னால் நிட்டிங், டையிங், கட்டிங், தையல், செக்கிங் என்று எத்தனை இடத்துக்கு மாறுகிறதோ, அதில் பாதித் தூரம் எக்ஸெல் முதுகில்தான்.

இனி எக்ஸெல் மட்டும்.

டிசம்பர் 13, சனி

நாலு நாளாக எட்டிலிருந்து ஒன்பது மணிவரை. பிள்ளையார் கோயிலிலிருந்து டீக்கடைவரை, அதற்கு மேல் ஓரடிகூட இல்லை. ஒரே லென்ஸ், 23 மில்லிமீட்டர். என் கேமராவின் சென்சார் அளவுக்கு அது பழைய ஃபிலிம் கேமராவின் 35 மில்லிமீட்டர் லென்ஸ் மாதிரி. ஆட்டோ ஃபோகஸ் வண்டியை விட்டுவிட்டுச் சுவரைப் பிடிக்கிறது என்பதால் அதை அணைத்துவிட்டேன். அப்பர்ச்சர், அதாவது லென்ஸின் துளை, எஃப் 8, ஃபோகஸ் மூன்று மீட்டரில் நிலையாக. இப்படி வைத்தால் ஏறக்குறைய ஒன்றரை மீட்டரிலிருந்து முப்பது மீட்டர்வரை எல்லாம் தெளிவாக விழும். எங்கள் வீதிக்கு அது தாராளம். கேமராவோடு மல்லுக்கட்டாமல் வண்டியைப் பார்க்கலாம்.

போட்டோகிராஃபர் சால் லைட்டர் நினைப்பு வந்தது. நியூயார்க்கில் ஈஸ்ட் வில்லேஜ் பகுதியில் 1952-இல் குடியேறி, 2013-இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தவர். குடையும் பனி படிந்த கண்ணாடியுமாக அவர் எடுத்த வண்ணப் படங்களில் பெரும்பாலானவை வீட்டைச் சுற்றியுள்ள தெருக்கள்தான். அவருக்குப் பனி. நமக்கு பாய்லர் ஆவி இருக்கிறது.

டிசம்பர் 14, ஞாயிறு

வாரத்துப் படங்களைச் சின்னதாக்கி ஒரே திரையில் பரப்பிப் பார்த்தேன். 112 படம். பார்க்கப் பார்க்கச் சங்கடமாகிவிட்டது.

எல்லாம் முதுகு. வண்டி என்னைத் தாண்டிப் போன பிறகுதான் பட்டனை அழுத்தியிருக்கிறேன். ஒருவர் முகம்கூட இல்லை. வெளிச்சம், நேரம் என்று சாக்குச் சொல்லலாம். உண்மை, எனக்குக் கூச்சம். பால் வாங்கும்போது தினமும் பார்க்கிற ஆட்களின் முகத்துக்கு நேராகக் கேமராவைத் தூக்கக் கை வரவில்லை. வால்பாறையில் முன்பின் தெரியாதவர்களை எடுத்தபோது இந்தக் கூச்சம் எங்கே போயிருந்ததோ.

டிசம்பர் 17, புதன். மார்கழி 2

இடத்தை மாற்றினேன். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஒரு வேகத்தடை, பெயின்ட் போய்த் தார் மேடாக நிற்கிறது. அதற்குக் கிழக்கே, காம்பவுண்ட் சுவரை ஒட்டி நின்றேன். மேற்கிலிருந்து வருகிற வண்டிகளின் முகத்தில் காலை வெயில் நேராக அடிக்கிறது. எப்பேர்ப்பட்ட அவசரக்காரரும் அங்கே வேகத்தைக் குறைத்தாக வேண்டும். நான் ஒளியவும் இல்லை. கேமரா கழுத்தில் தொங்க, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நிற்கிறேன்.

முதலில் கேட்டது பிசிறு வெட்டுகிற ஆத்தாதான். வாசல் திண்ணையில் டீசர்ட் குவியலை மடியில் போட்டுக்கொண்டு, "ஏஞ்சாமி, ரோடு அளக்கறீங்களா?" என்றார். "இல்லீங்காத்தா, எக்ஸெல்லு போறதைப் படம் புடிக்கறனுங்க" என்றேன். "அதைப் புடிச்சு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்த பீஸை எடுத்துக்கொண்டார்.

டிசம்பர் 19, வெள்ளி

ஒரு கம்பெனி கேட்டுக்குள்ளிருந்து எக்ஸெல் வெளியே வரும்போது எடுத்தேன். வாட்ச்மேன் ஓடிவந்தார், பின்னாலேயே ஒரு மேனேஜர். வண்டியில் இருந்தது வெளிநாட்டு ஆர்டர் சாம்பிளாம். பிரிண்ட் டிசைன் வெளியே போனால் ஆர்டரே போய்விடும் என்றார். அவர் கண்ணெதிரிலேயே அழித்தேன். எரிச்சல்தான், ஆனால் அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இனிமேல் எந்த கேட்டுக்கும் பக்கத்தில் நிற்பதில்லை.

டிசம்பர் 20, சனி

வாரச் சம்பள நாள். ராத்திரி வீதி முழுக்கக் கூட்டம், கறிக்கடை, பரோட்டாக் கல். ஆசைப்பட்டு இறங்கினேன். எல்லாம் ஆடிப்போன படம். எக்ஸெல் ஒன்றைக்கூட ஒழுங்காகப் பார்க்கவில்லை. விடு.

ஜனவரி 3, சனி

இன்று மாட்டிவிட்டது. அதை எழுதத்தான் இவ்வளவு நேரம் விழித்திருக்கிறேன்.

துணி ரோல் ஏற்றிய வண்டி வேகத்தடைக்கு வருகிறது. முன் சக்கரம் ஏறும்போது ஒன்றும் இல்லை. பின் சக்கரம் ஏறுவதற்குச் சற்று முன்னால், ஓட்டுகிறவரின் இடது கை ஹேண்டில்பாரை விட்டுவிட்டுத் தானாகப் பின்னால் போகிறது. திரும்பிப் பார்ப்பதில்லை. உள்ளங்கை ரோல் மேல் படிகிறது. தூளியில் தூங்குகிற குழந்தையைத் தட்டிக்கொடுப்பதுபோல, அழுத்தாமல். சக்கரம் இறங்கியதும் கை ஹேண்டிலுக்குத் திரும்பிவிடுகிறது. ஒரு நொடிகூட இருக்காது.

பழைய படங்களையெல்லாம் திறந்து பார்த்தேன். நாலு படத்தில் அந்தக் கை இருக்கிறது, நான்தான் பார்க்கவில்லை. குடம் ஏற்றினவர் விரல்களை விரித்து இரண்டு குடத்தின் கழுத்தைச் சேர்த்துப் பிடிக்கிறார். பிள்ளைகளை ஏற்றினவர் கையைப் பின்னால் கொண்டுபோய்க் கடைசிப் பையனின் முழங்காலைத் தொட்டுப் பார்க்கிறார். சிலிண்டர்க்காரர் மட்டும் பிடிப்பதே இல்லை. கட்டின கயிற்றின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

ஆக, நான் எடுத்துக்கொண்டிருப்பது எக்ஸெல்லை அல்ல, இந்தக் கையை. ஷட்டர் வேகம் 1/500 நொடி போதும். மேடு ஏறுவதற்கு அரை நொடி முன்னாலேயே அழுத்த வேண்டும்.

ஜனவரி 11, ஞாயிறு

குமரன் நினைவு நாள். 1932-இல் கொடியை விடாமல் அடிபட்டு, மறுநாள் இதே தேதியில் இறந்தார். ஸ்டேஷன் பக்கம் நினைவகத்தில் மாலை மரியாதை இருக்கும், நல்ல படம் கிடைக்கும். கேமரா பையைத் தோளில் மாட்டிவிட்டுத் திரும்பக் கழற்றி வைத்தேன். நூறு கேமரா அங்கே இருக்கும். கேமரா இல்லாமல் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

ஜனவரி 15, வியாழன். தைப்பொங்கல்

வெளியூர் ஆட்கள் முக்கால்வாசிப் பேர் ஊருக்குப் போய்விட்டார்கள். ஓவர்லாக் சத்தம் இல்லாததால் காக்காய் கத்துவதுகூடக் கேட்கிறது. ஒரு மணி நேரத்தில் மூன்றே எக்ஸெல். அதில் ஒன்று, கரும்புக் கட்டோடு. நுனித் தோகை ரோட்டைக் கூட்டிக்கொண்டே போனது. கை பின்னால் போகவில்லை, கரும்பு குறுக்கே நின்று மறித்துவிட்டது. எடுத்தேன்.

ஜனவரி 21, புதன்

ஆட்கள் திரும்பிவிட்டார்கள். துணி ரோல்காரரின் படத்தை ஸ்டுடியோவில் 6-க்கு 8 பிரிண்ட் போட்டு வைத்திருந்தேன். வேகத்தடையில் நிறுத்திக் கொடுத்தேன். வண்டியை ஸ்டாண்ட் போட்டு, கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

வெகுநேரம் பார்த்தார். கையைப் பற்றிச் சொல்வார் என்று நினைத்தேன்.

"ஏனுங்ண்ணா, நம்பர் பிளேட்டு தெரியலீங்களே?"

"இல்லீங்க, ரோலு மறைச்சிருச்சு."

"அப்பச் செரி." படத்தை இன்னும் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். "கயித்த இப்படியா கட்டியிருக்கறன்? உழுந்திருக்குமுங்க." படத்தைச் சட்டைக்குள் செருகிவிட்டு, அன்றைய ரோலின் முடிச்சை அவிழ்த்து அங்கேயே திரும்பக் கட்ட ஆரம்பித்தார். ஒரு முனையை என்னிடம் நீட்டினார். கேமராவை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுப் பிடித்துக்கொண்டேன்.