ஒரு சாண்

ராத்திரி இரண்டே முக்காலுக்கு, எங்கள் தானியங்கிக் கிடங்கின் மூன்றாம் ஐலில், அதாவது ரேக்குகளுக்கு நடுவே உள்ள சந்தில், கிரேன் நின்றுவிட்டது. திரையில் சிவப்பு எழுத்தில் ‘பின் ஃபுல்’, அறை நிறைந்திருக்கிறது என்று. எட்டாம் அடுக்கின் ஒரு அறையில் ஒரு பேலட்டை, சரக்கு அடுக்கிய பலகைத் தட்டை, வைக்கப் போன கிரேன், அங்கே ஏற்கெனவே ஏதோ இருக்கிறது, வைக்க மாட்டேன் என்கிறது. கம்ப்யூட்டர் கணக்கில் அந்த அறை காலி.

ஆபரேட்டர் தம்பி போன் செய்தான். “சார், பழைய கதைதான். ஃபிலிம் தொங்குது போல. மேனுவல்ல போட்டு வெச்சிடவா?”

“வெச்சிடு” என்றேன், படுக்கையில் புரண்டபடி.

பேலட்டில் அடுக்கிய அட்டைப் பெட்டிகள் சரியாமலிருக்க மெல்லிய பிளாஸ்டிக் ஃபிலிம் சுற்றுவார்கள். சுற்றி முடித்து வால் நுனியை உள்ளே செருக வேண்டும். அவசரத்தில் செருகாமல் விட்டால் அது அவிழ்ந்து, கீழ் அறையின் வாசலில் தோரணம் மாதிரி தொங்கும். கிரேனில் பேலட்டைத் தாங்கி அறைக்குள் நீளும் கை ஃபோர்க். அதன் அருகே ஒரு சென்சார் உண்டு. ஒளியை அனுப்பி, திரும்பி வந்தால் எதிரே பொருள் இருக்கிறது என்று முடிவுகட்டும். அதற்குப் பெட்டியும் ஒன்றுதான், ஃபிலிம் வாலும் ஒன்றுதான். அந்த மாதத்தில் அதற்கு முன் மூன்று முறை நின்றது. மூன்று முறையும் ஃபிலிம்தான். ‘பின் ஃபுல் வந்தால் ஃபிலிம் பார், மேனுவலில் சென்சாரைத் தாண்டு’ என்று கன்ட்ரோல் பேனல் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. எழுதியது நான்தான்.

நாலாவது முறை உள்ளே உண்மையிலேயே பேலட் இருந்தது. முந்தின ஷிஃப்டில் யாரோ மேனுவலில் வைத்துவிட்டு, கணக்கில் ஏற்ற மறந்திருக்கிறார்கள். ஃபோர்க் தன் சரக்கோடு உள்ளே நீண்டு, இருந்ததைப் பின்னால் தள்ளியது. அது ரேக்கின் பின்பக்கம் பாதி வெளியே வந்து, நாலாம் ஐலை எட்டிப் பார்த்தபடி சாய்ந்து நின்றது. கிரேன் ஓடும்போது ஐலுக்குள் யாரும் போக முடியாதபடி கதவில் பூட்டு உண்டு என்பதால் ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பன்னிரண்டு மீட்டர் உயரத்தில் தொங்கிய அதைக் கயிறு கட்டி இறக்க மறுநாள் சாயங்காலமாகிவிட்டது. அதுவரை இரண்டு ஐலும் மூடல். விசாரணையில் பையனைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். நான் அந்தத் தாளைக் கிழித்துக்கொண்டு போய் மேஜைமேல் வைத்தேன்.

அன்றைக்கு எனக்கு அம்பத்தூர் நாட்கள்தான் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தன. டிப்ளமா முடித்து முதலில் சேர்ந்தது ஒரு ஃபவுண்டரியில். தலைக்கு மேலே 10 டன் ஈஓடி கிரேன், கூரையடியில் தண்டவாளத்தில் ஓடும் மின்சாரக் கிரேன். கீழே நின்று கைக்குறி காட்டுபவர் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் கலாசியாக இருந்து வந்த ஒரு பெரியவர். எல்லாருக்கும் மேஸ்திரி. ஏற்று என்பதற்கு ‘ஆபீஸ்’, இறக்கு என்பதற்கு ‘ஆரியா’ என்பார். ஆரியா போர்ச்சுக்கீசியக் கப்பல்காரர்கள் விட்டுப்போன சொல் என்று வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். அப்போது அவருடைய சொந்தச் சரக்கு என்றே நினைத்தேன்.

ஷிஃப்ட் தொடங்கியதும் அவர் இரண்டு காரியம் செய்வார். வெறும் கொக்கியை மெதுவாக மேலே ஏற்றச் சொல்லி, லிமிட் சுவிட்ச் தானாக மோட்டாரை நிறுத்துகிறதா என்று பார்ப்பார். பிறகு முதல் லோடைத் தரையிலிருந்து ஒரே ஒரு சாண் தூக்கி நிறுத்தச் சொல்வார். வாயில் பீடியோடு குனிந்து, லோடுக்கும் தரைக்கும் நடுவே இருக்கும் அந்த இடைவெளியைப் பத்து எண்ணும் வரை பார்ப்பார். விரல்கடை அளவு இறங்கினாலும் கிரேனை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிடுவார்.

“தம்பி, பிரேக்கைப் பாரு.”

“லேசாத்தான் அண்ணே வழுக்குது. மதியம் பார்த்துக்கலாமே?”

“மதியம் அடுப்புல இருந்து உருக்குத் தண்ணி வரும். அப்ப லேசா வழுக்கினா நீ போய் அடியில நிப்பியா?”

ஏணியில் ஏறி பிரேக்கைக் கழற்றிய அந்தக் காலைகளில்தான் அதன் சூட்சுமம் பிடிபட்டது. கிரேன் பிரேக்கில் கரண்ட் வந்தால் பிடி விடும். கரண்ட் போனால் ஸ்பிரிங் தானாக டிரம்மை இறுக்கிக்கொள்ளும். விடுவதற்குத்தான் தெம்பு வேண்டும், பிடித்துக்கொண்டிருக்க ஒன்றும் வேண்டாம். நம் ஊரில் கரண்ட் போகிற அழகுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்!

எலிஷா ஓடிஸ் 1854-இல் நியூயார்க் கண்காட்சியில் காட்டியதும் இதே புத்திதான். மேடைமேல் தான் ஏறி நின்று, உயரத்துக்குத் தூக்கச் சொல்லி, கயிற்றை வெட்டச் சொன்னார். மேடை கொஞ்சம் இறங்கி நின்றுவிட்டது. வண்டிக்குப் போடுகிற வில் பட்டையைக் கயிற்றின் இழுவிசை வளைத்து வைத்திருந்தது. கயிறு போனதும் பட்டை நிமிர்ந்து பக்கவாட்டுத் தண்டவாளத்தின் பற்களில் மாட்டிக்கொண்டது. தூக்கும் யந்திரம் அதற்கு முன்பே தொழிற்சாலைகளில் இருந்தது. அவர் சேர்த்தது நிற்கிற வழியை. லிஃப்டில் மனிதர்கள் துணிந்து ஏறியது அதற்குப் பிறகுதான்.

இப்போது நான் வேலை பார்க்கும், யந்திரமே சரக்கை வைத்து எடுக்கும் இந்த ஏஎஸ்ஆர்எஸ் கிடங்கில் சத்தமே கிடையாது, ஆரியா சொல்ல ஆளும் இல்லை. ஜெர்மனியின் கூட்டர்ஸ்லோவில் பெர்டெல்ஸ்மான் பதிப்பகத்துக்காக 1962-இல் எழுந்த 20 மீட்டர் உயரக் கிடங்கைத்தான் இந்த வகைக்கு மூத்தது என்பார்கள். இப்படி ரேக்கில் சரக்கு அடுக்கும் ஸ்டாக்கர் கிரேன்களில், ஆரம்பக் காலத்தவை பலவற்றில் ஆள் உட்கார ஒரு கூண்டு இருந்தது. பிறகு கூண்டு போயிற்று, ஆளும் இறங்கிவிட்டார். அவருடைய கண் இருந்த இடத்தில் வந்ததுதான் நான் தாண்டச் சொன்ன சென்சார்.

லிஃப்டை ஆறு மாதத்துக்கு ஒரு முறை, கிரேனைப் பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு முறை தகுதியுள்ளவர் சோதிக்க வேண்டும் என்று அப்போதிருந்த 1948-ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. எங்கள் சான்றிதழ்கள் எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. அந்த ராத்திரிக்கும்தான்.

தாள் போன இடத்தில் வேறு தாள் ஒட்டவில்லை. மேனுவல் சாவி இப்போது ஷிஃப்ட் இன்சார்ஜிடம் இருக்கிறது. கேமராவில் அறையைப் பார்க்காமல் தர மாட்டார். ஃபிலிம் சுற்றுகிற இடத்தில் நுனியைச் செருக ஒரு ஆளை நிறுத்தக் கேட்டேன். பட்ஜெட் இல்லையாம். கோடிக்கணக்கில் யந்திரம் வாங்குகிறவர்களுக்கு ஒரு ஆள் சம்பளம்தான் எப்போதும் உறுத்தும்.

இன்னொன்று, அனுமதி கேட்காமலே ஆரம்பித்தேன். ஒவ்வொரு ஷிஃப்டின் முதல் ஓட்டத்திலும் நிறைந்திருக்கும் ஒரு அறைக்கு வேண்டுமென்றே காலிப் பேலட்டோடு கிரேனை அனுப்பி, சென்சார் தடுக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறேன். ஐலுக்கு இரண்டு நிமிடம் ஆகிறது. புரொடக்‌ஷன் மேனேஜர் அதைக் கணக்குப் போட்டு மாதக் கூட்டத்தில் காட்டினார். காட்டட்டும்.

நேற்று புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் அந்த ஓட்டத்தைக் கொடுத்தேன். கிரேன் எட்டாம் அடுக்குவரை ஏறியது, அறை முன்னால் நின்றது, ஃபோர்க் அசையவில்லை. திரை சிவந்ததும் பதறிப்போய்த் திரும்பினாள்.

“சார், வைக்க மாட்டேங்குது!”

“சரி, அடுத்த ஐலுக்குப் போம்மா” என்றேன்.